இறக்கத்துக்கான பயிற்சி

ஊதியூர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் தமிழ்மதி அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். மயிலாத்தாளுக்கு நாலடி பின்னால் ஓடி வருவது அவள் வழக்கம். முன்னால் போனால் வேகத்தை மட்டும்தான் காட்ட முடியும், பின்னால் வந்தால்தான் ஓடுகிறவரின் உடம்பு தெரியும். மழை அரித்துப்போன சரளைப் பாதையில் மயிலாத்தாளின் இடது கால் பதிந்து எழுந்தது. வலது கால் மட்டும் ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி சப்பென்று விழுந்தது.

"வலது கால் நுனியத் தூக்கி வைங்க்கா."

"தூக்கித்தான அம்மணி வெக்கறேன்."

"இல்லீங்க்கா. அறையுது. எனக்குக் கேக்குது."

மயிலாத்தாள் பத்தடி தூரம் கவனமாக ஓடினாள். சத்தம் நின்றது. அடுத்த வளைவில் மறுபடி சப்பென்றது. அசதி என்று தமிழ்மதி நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் மயிலாத்தாளின் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட். மனுஷி சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். கீழே கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். காரில் ஏறும்போது மயிலாத்தாள் வலது காலைக் கையால் கொஞ்சம் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். தமிழ்மதி அதையும் பார்த்தாள்.

மயிலாத்தாள் காங்கயத்துப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பத்தில் பிறந்து மண்ணரைக்கு வாழ வந்தவள். புருஷன் காதர்பேட்டையில் ஒரு கடையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுவாரமே அவள் அவர் நடத்திய பனியன் கம்பெனியின் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். மகன் பிரதீப் அப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் கண்டதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது, ஓடினால் வருவதில்லை என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் கால்வாய்க் கரையில் சுடிதாரும் மகனின் பழைய ஷூவுமாக ஓட ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை, அதுவும் தாலியறுத்தவள், இப்படி ஓடுகிறாளே என்று சொந்தபந்தம் பேசியது. பேசியவர்களுக்கும் அவள் கம்பெனியில்தான் தையல் ஆர்டர் வேண்டியிருந்தது என்பதால் முகத்துக்கு நேரே யாரும் பேசவில்லை.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு குழு நடத்திய மலையோட்டத்தில் யாரிடமும் சொல்லாமல் போய்க் கலந்துகொண்டாள். பாதித் தூரத்துக்கு மேல் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அவளை ஜீப்பில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம்தான் தமிழ்மதி வேலை பார்க்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு மயிலாத்தாளின் கார் வந்து நின்றது.

"பாரம் ஏத்தற மாதிரி ஏத்தி எறக்கீட்டாங்க, அம்மணி. அடுத்த வருசம் என்ற கால்லயே எறங்கி வரோணும். நீ பழக்கி உடறயா?"

தமிழ்மதி கல்லூரிக் காலத்தில் மாவட்டத்துக்காக க்ராஸ் கன்ட்ரி என்கிற காட்டோட்டம் ஓடியவள். அப்பா சாயப்பட்டறையில் மூட்டை தூக்கினார், அம்மா ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். உடற்பயிற்சி ஆசிரியை வேலை கிடைத்தபிறகு ஓட்டம் என்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதுவது என்றாகிவிட்டிருந்தது. தனி ஒருத்திக்குப் பழக்குவது எப்படி என்று அவளுக்கும் தெரியாது. மாதக்கணக்கில் மயிலாத்தாளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஏற்றத்தில் எந்த இடத்தில் அவளுக்கு மூச்சு உடைகிறது, சர்க்கரை இறங்கினால் முதலில் எப்படிப் பேச்சுக் குறைகிறது, பயந்தால் எப்படி முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்கிறாள், எல்லாம் தெரிந்தது. பெற்ற மகனுக்கும் கட்டியவனுக்கும் தெரியாத அளவுக்கு அந்த உடம்பை அவள் அறிந்திருந்தாள். ஏற்றத்தை எல்லாரும் பயந்து பயந்து பழகுவார்கள், ஆளை வீழ்த்துவது இறக்கம்தான் என்று சொல்லி, இறங்குவதற்கென்றே தனியாக நாள் ஒதுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போனதால் அவள் சர்ச்சுக்குப் போவது நின்றது. அம்மா முணுமுணுத்தாள்.

மலையில் அவர்கள் அக்காவும் அம்மணியுமாக இருந்தார்கள். வீட்டில் அப்படியில்லை. தமிழ்மதி காலையில் போனால் கார் நிற்கும் இடத்தோடு நின்றுகொள்வாள். சமையலுக்கு இருக்கும் பழனாயி அங்கேயே காப்பி கொண்டுவந்து கொடுப்பாள், காகிதக் கப்பில். உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருப்பது வாசலிலிருந்தே தெரியும். தமிழ்மதியின் குடும்பம் எங்கே குடியிருக்கிறது, எந்தத் தெரு என்று அந்த வீட்டில் ஒருமுறை கேட்டார்கள், அவ்வளவுதான், அப்புறம் கேட்கவில்லை. மயிலாத்தாள் இதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. தமிழ்மதியும் காட்டிக்கொண்டதில்லை. கப்பைக் கசக்கிக் கையிலேயே எடுத்துக்கொண்டு போவாள்.

சத்தம் போகவில்லை. தமிழ்மதி ஷூவை மாற்றச் சொன்னாள். கோயம்புத்தூர் போய்ப் புது ஷூ வாங்கி வந்தார்கள், அதுவும் அறைந்தது. குதிகாலில் நடக்க வைத்தாள். கம்பெனியில் ஜட்டிக்கு வைத்துத் தைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு முழம் வெட்டி எடுத்து, மேசைக்காலில் கட்டி, பாதத்தை அதில் மாட்டி இழுக்கச் சொன்னாள். மயிலாத்தாள் அலுவலக அறையில் போனில் பேசிக்கொண்டே மேசைக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். முதல் மாதத்தில் நன்றாக இழுத்தவள் மூன்றாம் மாதத்தில் இழுக்க முடியாமல் திணறினாள். தமிழ்மதிக்குக் கோபம் வந்தது.

"நீங்க தினமும் பண்றதில்லீங்க்கா. பண்ணியிருந்தா இப்படி இருக்காது."

"சாமி சத்தியமாப் பண்றேன் அம்மணி."

"அப்ப இன்னும் கூடப் பண்ணோணும்."

இன்னும் கூடப் பண்ணினாள். புரட்டாசியில் ஒரு காலை, சமதரையில், ஒரு கல்லும் இல்லாத இடத்தில் முகம் குப்புற விழுந்தாள். கையை ஊன்றக்கூட இல்லை. உதடு கிழிந்து ரத்தம் கொட்ட எழுந்து உட்கார்ந்தவள் சிரிக்கப் பார்த்தாள். தமிழ்மதி அவள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அசையாமல் உட்கார்ந்திருக்க, தோலுக்கு அடியில் மட்டும் புழு ஊர்கிற மாதிரி அங்கங்கே துள்ளி அடங்கியது. வலது கெண்டைக்கால் இடதைவிடச் சிறுத்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று தமிழ்மதிக்குத் தெரியவில்லை. ஓடுகிற உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் உட்கார்ந்திருக்கிற உடம்பைப் பார்க்கத் தவறிவிட்டாள்.

எலும்பு டாக்டர் முதுகுத் தட்டு விலகியிருக்கிறது என்றார். இன்னொருவர் சர்க்கரையால் நரம்பு போகிறது என்றார். கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் ஊசிகளைக் குத்திப் பார்த்துவிட்டுப் பிரதீப்பைத் தனியே கூப்பிட்டார். மூளையிலிருந்து சதைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி. மருந்து இல்லை. கால், கை, நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றாராம். இதையெல்லாம் தமிழ்மதியிடம் சொன்னது பிரதீப்தான். கார் நிற்கும் இடத்தில்தான் நின்றுகொண்டு சொன்னான். அப்போது அவன் படிப்பை முடித்துவிட்டுக் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேங்க டீச்சர். நீங்க இப்படி ஓட வெச்சதாலதானுங்களா இது வந்துச்சு?"

"தெரியலீங்க."

"காலு வரலைன்னதுக்கு அப்புறமும் இன்னும் பண்ணு, இன்னும் பண்ணுன்னு சொன்னீங்களாமா. அம்மாதான் சொன்னாங்க. அவங்க உங்களக் குத்தம் சொல்லலீங்க. நான்தான் கேக்கறேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவன் மரியாதையாகவே சொன்னான். அன்று சாயந்தரம் அவள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வியாதியின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். காரணம் தெரியாது என்று ஓரிடத்தில் இருந்தது. கடுமையாக உடம்பை வருத்துகிறவர்களுக்கு அதிகம் வரலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று இன்னோரிடத்தில் இருந்தது. மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்து மறைப்பில் யாரோ ஒரு பையன் சினிமாப்பாட்டு இறக்கிக்கொண்டிருந்தான்.

கார்த்திகையில் பழனாயி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். ஓனரம்மா வரச் சொன்னாங்க, சின்னவருக்குத் தெரியும், வாங்க என்றாள். முதல்முறையாகத் தமிழ்மதி அந்த வீட்டு முன்னறையைத் தாண்டி உள்ளே போனாள். மயிலாத்தாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. பேச்சில் கள் குடித்தவர்கள் மாதிரிக் குழறல் வந்திருந்தது.

"கோயிச்சுக்கிட்டயா?"

"இல்லீங்க்கா."

"பெறகேன் வரல? அவன் சின்னப்பையன். பேசுவான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "டாக்டர்க என்ன ஆகும்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணோணும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. நீ சொல்லு."

தமிழ்மதி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவதற்காக வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அக்காவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, எந்தச் சதை கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முன்பு மலையில் பார்த்த மாதிரியேதான்.

அதன்பிறகு தினமும் பள்ளி விட்டதும் போனாள். இந்தப் பயிற்சியில் எதுவும் கூடப் போவதில்லை, குறைவதை மெதுவாக்க மட்டும்தான் முடியும். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாள் பிடித்தது. களைப்பதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று நரம்பு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நாற்காலியிலிருந்து எழ மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொன்னாள். எழ முடியாமல் போனபோது, தூக்குகிறவருக்கு எப்படிப் பாரம் கொடுக்காமல் இருப்பது என்று பழக்கினாள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுங்கப் பழக்கினாள். பேச்சு போவதற்குள்ளேயே கண்ணால் பேசுவதற்குப் பழக்கினாள். இமையை ஒருமுறை மூடினால் ஆமாம், இடது பக்கம் பார்த்தால் இல்லை. கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவதும், கழுவிவிடுவதும், சீலையை மாற்றிவிடுவதும் தானாகவே அவள் வேலையாயின. மயிலாத்தாள் வேறு யாரையும் தொடவிடவில்லை. சொந்தக்காரப் பெண்கள் வந்து வாசற்படியில் நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். பழனாயி இப்போது படுக்கையறைக்கே காப்பி கொண்டுவந்தாள். இப்போதும் காகிதக் கப்பில்தான். ஒருநாள் அதைக் கவனித்த மயிலாத்தாள் எதையோ சொல்ல நீண்ட நேரம் முயன்றாள். அன்று வார்த்தையாக ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீர் கோத்தது. தமிழ்மதி துடைத்துவிட்டாள்.

மலையோட்ட நாளும் வந்துபோனது. அன்று தமிழ்மதி அதை நினைவுபடுத்தாமல் இருந்தாள். மயிலாத்தாளே, மிச்சமிருந்த பேச்சில், "இன்னிக்குத்தான?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"எத்தன பேரு எறங்குவாங்க?"

"தெரியலீங்க்கா. நெறையப் பேரு."

பிறகு, தெளிவாக ஒவ்வொரு சொல்லாக உடைத்து, மயிலாத்தாள் கேட்டது வேறொன்று. கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்கு மெஷின் வைப்பார்கள் என்று டாக்டர் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"அது வேண்டாம். நீ பிரதீப்புகிட்டச் சொல்லீரு. நான் சொன்னா அழுவான்."

"நீங்க சொல்றதுதானுங்க்கா மொற."

"எங்க நிறுத்தோணும்னு நீதான சொல்லுவ எப்பவும்."

தமிழ்மதி அன்றே சொல்லிவிட்டாள். கம்பெனி அறையில், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, நின்றபடியே சொன்னாள். பிரதீப் தலைநிமிராமல் கேட்டான். அவன் கை, மேசை மேலிருந்த சாம்பிள் பனியன் ஒன்றின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பா போனப்ப நான் காலேஜ்ல இருந்தனுங்க. வந்து சேரறதுக்குள்ள ஐஸ் பெட்டில வெச்சுட்டாங்க. ஒரு வார்த்தை பேசலீங்க நான்." நிமிர்ந்து பார்த்தான். "இருக்கறது ஒரு உசுரு. அத வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க?"

"நான் சொல்லலீங்க. அக்கா சொன்னாங்க."

"எங்கம்மா உங்களுக்கு அக்கா இல்லீங்க."

அவன் கெட்டவன் இல்லை. ராத்திரியெல்லாம் அம்மாவின் காலடியில் பாய் போட்டுப் படுத்துக்கிடப்பவன். தமிழ்மதிக்கும் அது தெரியும். சித்திரை வெயிலில் ஒருநாள் மயிலாத்தாளுக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். டாக்டர் சம்மதத் தாளை நீட்ட, பிரதீப் கையெழுத்துப் போட்டான். தமிழ்மதி அப்போது பள்ளியில் ஆண்டுவிழாப் பயிற்சியில் பிள்ளைகளை அணிவகுக்க வைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்து போய்ச் சேர்ந்தபோது மயிலாத்தாளின் தொண்டைக் குழியில் குழாய் இருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் இடது பக்கம் போயின. அங்கேயே நின்றன. நர்ஸ் வந்து, மருந்து போடுகிறேன், தூங்கட்டும் என்று சொல்லும்வரை நின்றன.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்துப் பிரதீப்தான் போன் செய்தான். "அம்மா கதவையே பாக்கறாங்க. நீங்க வர்ற நேரத்துக்குத்தான் பாக்கறாங்க. வாங்க டீச்சர்." தமிழ்மதி போனாள்.

படுக்கையறை ஆஸ்பத்திரி அறையாகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் புஸ்ஸென்று ஊதி விட்டு ஊதிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்தது. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு பேட்டரி, அதற்கும் மேலே, வீட்டை ஒட்டியிருந்த கம்பெனியின் ஜெனரேட்டரிலிருந்து தனியாக ஒரு ஒயர். எல்லாம் நின்றுபோனால் கையால் அழுத்த ஒரு ரப்பர்ப் பை. அதைக் குழாயில் எப்படி மாட்டுவது, எப்படி அழுத்துவது என்று வீட்டுக்கு வைத்திருந்த நர்ஸ், பழனாயிக்கும் பிரதீப்புக்கும் தமிழ்மதிக்கும் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை நர்சுக்கு விடுமுறை, அன்று பள்ளியும் இல்லை என்பதால் பகல் முழுக்கத் தமிழ்மதி இருந்தாள். தமிழ்மதி கை கால்களை நீட்டி மடக்கிவிடுவாள், கால் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடுவாள், புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போடுவாள். ஊதியூர்ப் பாதையில் யாரோ ஜல்லி கொட்டியிருக்கிறார்கள் என்றோ, கோயில் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றோ சொல்வாள். மயிலாத்தாள் இமையை ஒருமுறை மூடித் திறப்பாள்.

மறுவருஷம் மாசியில் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் வழக்கம்போல மின்சாரம் போனது. மெஷின் பேட்டரிக்கு மாறிற்று. கம்பெனிப் பக்கமிருந்து ஜெனரேட்டர் கிளம்பும் சத்தம் வர வேண்டும். வந்தது, இருமியது, நின்றது. மறுபடி இருமியது. பிரதீப் ஓடும் காலடி கேட்டது. பேட்டரி கீச்சுக் கீச்சென்று எச்சரித்தது. புதிதாக மாற்றியிருக்க வேண்டியது, மாற்றவில்லை. தமிழ்மதி எழுந்து குழாயைக் கழற்றி, பையை மாட்டி, அழுத்தத் தொடங்கினாள்.

அழுத்தினால் நெஞ்சு எழுந்தது. விட்டால் தணிந்தது. முதலில் வேகமாக அழுத்தினாள், பிறகு நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்து நிதானித்தாள். மெஷின் சத்தம் இல்லாமல் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. கம்பெனியில் தையல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஒருத்தன் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. முன்னங்கை கடுத்தது. கையை மாற்றிக்கொண்டாள். புழுக்கத்தில் மயிலாத்தாளின் நெற்றி வேர்த்திருந்தது, அதைத் துடைக்க அவளிடம் கை மிச்சமில்லை.

மயிலாத்தாள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்கள் பைக்கு இறங்கின. பையிலிருந்து தமிழ்மதியின் முகத்துக்கு வந்தன. அங்கிருந்து மெதுவாக இடது பக்கம் போயின.

இடது பக்கம் என்றால் இல்லை. தமிழ்மதி எதுவும் கேட்டிருக்கவில்லை.

"வலிக்குதுங்களாக்கா?" என்றாள். "சளி எடுக்கட்டுமுங்களா?"

கண்கள் திரும்பி வந்தன. பையைப் பார்த்தன. அவளைப் பார்த்தன. மறுபடி இடது பக்கம் போய், அங்கேயே நின்றன. அதில் கெஞ்சல் இல்லை. கோபமும் இல்லை. ஷிப்மென்ட் நாளில் சூப்பர்வைசரிடம் இது ஆகாது, பிரித்துத் தை என்று சொல்லும்போது இருக்கும் முகம்தான், ஆனால் அசைய முடியாத முகம். தமிழ்மதி அழுத்தினாள். நெஞ்சு எழுந்தது. கை விரிய, நெஞ்சு தணிந்தது. அழுத்தினாள். பழனாயி கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆத்தா மகமாயி என்று சொல்லிக்கொண்டே போனாள்.

தெருவில் எங்கோ ஒரு டிவி திடீரென்று கத்தியது. மின்விசிறி ஒருமுறை அசைந்து, தயங்கி, சுற்ற ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஒன்று, இரண்டு, பிறகு மொத்தமாக எழுந்து அறையை நிறைத்தன. பிரதீப் முழங்கை வரை டீசல் கறையோடு கதவில் வந்து நின்று மூச்சிரைத்தான்.

"வந்துருச்சு டீச்சர். மாட்டீருங்க."

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. கட்டில் விளிம்பில் போட்டிருந்த அதன் குழாய் வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. தமிழ்மதி அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. மயிலாத்தாளின் கண்கள் இன்னும் இடது பக்கமே இருந்தன, அங்கே வெறும் சுவர்.

"டீச்சர்?"

பையின் மேல் அவள் கைகள் மூடி விரிந்துகொண்டிருந்தன. மின்விசிறிக் காற்றில் மயிலாத்தாளின் நெற்றி முடி எழுந்து பறந்து, வேர்வையில் ஒட்டி, மறுபடி எழுந்தது.